ஈஸ்ட் முந்த வேண்டும்: கலன்களையும் தண்ணீரையும் தயார் செய்தல்

வீட்டில் முதன்முதலாக பியர் காய்ச்சப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கிருமிநீக்கி நல்லது என்பதுதான். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. எதற்காக இத்தனை கழுவலும் ஊறவைத்தலும் என்ற காரணம் முதலில் விளங்க வேண்டும். காரணம் தெரியாதவர் இரண்டில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். ஒருவர் அடுப்பில் கொதிக்கப்போகும் பாத்திரத்துக்கும் கிருமிநீக்கி தெளித்துக் களைத்துப்போய், கடைசியில் சைஃபன் குழாயை மறந்துவிடுகிறார். இன்னொருவர், அந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் செய்தார்கள் என்று எல்லாவற்றையும் ஒரு அலசு அலசி வேலையை முடித்துக்கொள்கிறார். இந்த அத்தியாயத்தின் வாதம் ஒன்றே. ஆறிய வோர்ட்டில் ஈஸ்ட் இறங்கும் நேரத்தில் அதன் எண்ணிக்கை மிக அதிகமாகவும், மற்ற நுண்ணுயிர்களின் எண்ணிக்கை மிகக் குறைவாகவும் இருந்துவிட்டால் மிச்சத்தை ஈஸ்ட்டே பார்த்துக்கொள்ளும். எதைத் தேய்த்துக் கழுவுவது, எதை வேகவைப்பது, எந்தத் தண்ணீரைக் கொதிக்கவைப்பது என்ற முடிவுகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே பிறக்கின்றன.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். வோர்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்து, அதாவது மால்ட்டிலிருந்து, இறக்கிய இனிப்புச் சாறு. ஹாப் பூக்களோடு கொதித்து ஆறியது. அதில் சர்க்கரை இருக்கிறது, புரதச் சத்து இருக்கிறது, ஆறும்போது கரைந்த காற்றும் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல விருந்து கிடைக்காது. வீட்டில் காய்ச்சுகிறவர் வழக்கமாக 20 லிட்டர் வோர்ட்டுக்கு 11.5 கிராம் உலர் ஈஸ்ட் பொட்டலம் ஒன்றைப் போடுகிறார். கிராமுக்கு 600 கோடி உயிருள்ள செல்கள் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும், ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் ஏறத்தாழ 35 லட்சம் ஈஸ்ட் செல்கள் கிடைக்கின்றன. ஈஸ்ட் இரட்டிக்கச் சில மணி நேரம் ஆகும். பாக்டீரியா அதைவிட வேகம்; வசதியான வெப்பத்தில் அரை மணிக்குள் இரட்டிப்பவை உண்டு. மணிக்கு ஒருமுறைதான் இரட்டிக்கிறது என்று தாராளமாகக் கொண்டாலும், மில்லிலிட்டருக்கு ஒன்றாக இருந்தது 24 மணி நேரத்தில் ஒரு கோடியே 67 லட்சமாகிவிடும். அதே பாக்டீரியா தொடக்கத்திலேயே ஆயிரமாக இருந்தால், அந்த எண்ணிக்கையை 14 மணி நேரத்திலேயே எட்டிவிடும். ஆக, எண்ணிக்கையை ஆயிரத்திலிருந்து ஒன்றாகக் குறைக்கும் கழுவல் ஈஸ்ட்டுக்குப் பத்து மணி நேரம் வாங்கிக்கொடுக்கிறது. அந்தப் பத்து மணி நேரம் போதும். ஈஸ்ட் கரைந்த ஆக்ஸிஜனைத் தின்று தீர்க்கும், புளிப்பைக் கூட்டும், ஆல்கஹாலை உண்டாக்கும், கரியமில வாயுவால் மேற்பரப்பை மூடும். அதற்குப் பிறகு வருகிற பாக்டீரியாவில் பெரும்பாலானவற்றுக்கு அங்கே பிழைப்பு இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் கிருமிநீக்கி என்ற பெயரையே அறியாமல் பியர் காய்ச்சியிருக்கிறார்களே? காய்ச்சினார்கள், கெட்டும் போயிற்று. கெடுவது பற்றிய அச்சம் அரசாணையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பவேரியாவில் 1553இல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட், செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே பியர் காய்ச்சலாம் என்று கட்டளையிட்டார். கோடையில் காய்ச்சியது புளித்துக் கெடுகிறது என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது, ஏன் என்பது தெரியவில்லை. அதைக் காட்டியவர் லூயி பாஸ்டர். கெட்ட பியரின் ஒவ்வொரு கேட்டுக்கும் பின்னால் ஈஸ்ட் அல்லாத ஓர் உயிர் இருப்பதை நுண்ணோக்கியில் கண்டு, 1876இல் வெளியான பியர் பற்றிய தன் நூலில் படங்களோடு விளக்கினார். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் இன்னும் ஒரு படி போனார். பாக்டீரியா மட்டுமல்ல, வேண்டாத காட்டு ஈஸ்ட்டும் பியரைக் கெடுக்கும் என்று கண்டு, 1883இல் ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். இன்று நீங்கள் வாங்கும் பொட்டலம் அந்தத் தூய வளர்ப்பின் வாரிசு. அதை அழுக்குக் கலனில் கொட்டினால் ஹான்சனுக்கு முந்தைய காலத்துக்கே திரும்பிப் போகிறோம்.

தமிழ் வீடுகளில் இன்னொரு கேள்வி வரும், அது இதைவிடக் கூர்மையானது. இட்லி மாவு புளிக்க எதைக் கிருமிநீக்கம் செய்கிறோம்? உளுந்தோடும் அரிசியோடும் கையோடும் வருகிற பாக்டீரியாதானே மாவைப் பொங்கவைக்கிறது? உண்மைதான். ஆனால் மாவில் நாம் விரும்புவதே அந்தப் பாக்டீரியா தரும் புளிப்பை. ஓரிரவில் பொங்கியதை ஆவியில் வேகவைத்து அன்றைக்கே சாப்பிடுகிறோம், மிஞ்சியது குளிர்பெட்டிக்குப் போகிறது. பியர் அறை வெப்பத்தில் இரண்டு வாரம் கலனிலும், அதற்குப் பிறகு மாதக்கணக்கில் புட்டியிலும் இருக்கப்போகிறது. அதை நாம் வேகவைப்பதும் இல்லை. காட்டுக் கிருமிகளை வரவழைத்தே காய்ச்சும் பியரும் உண்டு: பிரஸ்ஸல்ஸை ஒட்டிய பகுதியின் லாம்பிக். அங்கேயும் குளிர்மாதங்களில் மட்டும் காய்ச்சி, ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை மரப்பீப்பாயில் வைத்து, பல பீப்பாய்களைச் சுவைத்துக் கலந்து விற்கிறார்கள். தலைமுறை அனுபவம் கேட்கும் அந்த வேலையை முதல் முயற்சிக்கு முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

பயத்தையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். சரியாக நொதித்த பியரில் புளிப்பும் ஆல்கஹாலும் ஹாப்பின் கசப்பும் சேர்ந்து, மனிதருக்கு நோய் தரும் கிருமிகளை வளரவிடுவதில்லை. கெட்ட பியர் என்றால் பெரும்பாலும் கெட்ட சுவைதான்: லாக்டோபேசில்லஸ் தரும் புளிப்பு, பெடியோகாக்கஸ் தரும் வெண்ணெய் வாடை, காற்று புகுந்த கலனில் அசெட்டோபாக்டர் உண்டாக்கும் காடி. ஆபத்து வேறு இடங்களில் இருக்கிறது. மிச்சமிருக்கும் சர்க்கரையையும் தின்னும் காட்டு ஈஸ்ட் புட்டிக்குள் புகுந்தால் வாயு அழுத்தம் ஏறிப் புட்டி வெடிக்கலாம். நொதிக்காத வோர்ட்டைக் காற்றில்லாமல் மூடி அறை வெப்பத்தில் நாள்கணக்கில் வைத்தால் பாட்டுலிசம் என்னும் கொடிய நச்சுநோய்க்கு வழியுண்டு. அதை உண்டாக்கும் கிருமியின் வித்துகளைச் சாதாரணக் கொதி கொல்லாது. ஆகவே ஆறிய வோர்ட்டில் அன்றைக்கே ஈஸ்ட் போட்டுவிடுங்கள்.

இப்போது எந்தப் பாத்திரம் முக்கியம் என்ற கேள்விக்கு விடை தானாக வருகிறது. வோர்ட் ஒரு மணி நேரம் கொதிக்கிறது. கொதிக்கும் முன்பு தொடுகிற அண்டா, கரண்டி, மால்ட் ஊறவைக்கும் துணிப்பை எல்லாம் சாப்பாட்டுப் பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தால் போதும். அவற்றுக்குக் கிருமிநீக்கி வீண் செலவு. அடுப்பை அணைத்து, வோர்ட் 70 டிகிரிக்குக் கீழே இறங்கிய நொடியிலிருந்து சட்டம் மாறுகிறது. நொதிகலன், மூடி, ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டுக் காற்றை உள்ளே விடாத திரவ அடைப்பான்), அதன் ரப்பர் வளையம், வடிகுழாய், சைஃபன் குழாய், வெப்பமானி, அடர்த்திமானி, புனல், ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல், உங்கள் கை என இனி வோர்ட்டைத் தொடும் எதுவும் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். செம்புச் சுருள் போட்டுக் குளிர்விக்கிறவர்கள், கழுவிய சுருளைக் கொதியின் கடைசி 15 நிமிடம் வோர்ட்டிலேயே இறக்கிவைத்தால் வேறு மருந்து தேவையில்லை. குளிர்விப்பதில் தாமதம் கூடாது என்பதும் அதே கணக்குத்தான். வெதுவெதுப்பான வோர்ட்டில் ஈஸ்ட் இல்லாமல் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் எதிராளிக்குக் கொடுக்கும் இலவச இரட்டிப்பு.

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க இடம் இருக்கிறது என்றால், கழுவுதலை வைத்துக்கொள்ளுங்கள். கிருமிநீக்கி தான் தொடும் பரப்பில் மட்டுமே வேலை செய்யும். காய்ந்த நுரைப்படலம், ஈஸ்ட் வண்டல், ஹாப்பின் பிசின், எண்ணெய்ப் பிசுக்கு இவற்றின் அடியில் இருக்கும் கிருமியை அது தொடுவதே இல்லை. போதாக்குறைக்கு, மருந்தின் வீரியத்தை அந்த அழுக்கே உறிஞ்சிக்கொள்கிறது. உணவு படும் பரப்புகளுக்கான கிருமிநீக்கிகள் 30 நொடியில் 99.999 சதவீதக் கிருமிகளைக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல், ஆனால் அந்தச் சதவீதம் கழுவிய பரப்புக்குச் சொன்னது. கழுவும் நேரமும் முக்கியம். கலன் காலியானதும் உடனே அலசினால் இரண்டு நிமிட வேலை. காயவிட்டால் அரை நாள் ஊற வேண்டும். பாத்திரம் துலக்கும் சோப்பு போதாதா என்றால், முதல் அலசலுக்குப் போதும். ஆனால் வாசனை சேர்த்த சோப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், எச்சம் நின்றால் பியரின் நுரை நிற்காது. சோடியம் பெர்கார்பனேட் அடிப்படையிலான மணமற்ற தூளை லிட்டருக்கு நான்கைந்து கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊறவைத்தால், தேய்க்காமலே அழுக்கு கழன்றுவரும். கடின நீர் ஊர்களில் அது வெள்ளைப் படலம் விடும். கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அலசினால் போய்விடும்.

தேய்ப்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டிக் கலனைப் பச்சை நாராலோ கம்பி நாராலோ ஒருபோதும் தேய்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல் கிருமிக்குக் குகை. அதற்குள் படலம் கட்டிவிட்டால் எந்த மருந்தும் அடிவரை போய்ச் சேராது. மெல்லிய பஞ்சு அல்லது பழைய பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் கலனுக்கு ஆயுள் உண்டு என்று ஏற்றுக்கொண்டு, கீறல் கண்டதும் அதை மால்ட் சேமிக்கும் டப்பாவாக்கிவிடலாம். கண்ணாடிக் குடுவை கீறாது, ஆனால் குளிர்ந்திருக்கும்போது வெந்நீர் ஊற்றினால் வெடிக்கும், ஈரக் கையில் நழுவினால் ஆளையே வெட்டும். கலனின் அடியில் இருக்கும் குழாய்வாயை ஒவ்வொரு முறையும் கழற்றுங்கள். மரையிடுக்கிலும் வாஷருக்கு அடியிலும் பழைய பியர் சேர்ந்திருக்கும். வெளியே பளபளக்கும் கலனில் திரும்பத் திரும்பப் பியர் கெடுகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கழுவிய பிறகுதான் மருந்து. தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது அலசத் தேவையில்லாத அமில வகை. ஸ்டார் சான் என்ற பெயரில் பரவலாகக் கிடைப்பது பாஸ்பாரிக் அமிலமும் நுரைக்கும் அமிலச் சோப்பும் கலந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிலிட்டர், ஒன்றிரண்டு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும். வடித்துவிட்டு அப்படியே வோர்ட்டை ஊற்றலாம். நுரை நிற்கிறதே, குடித்தால் வயிற்றைக் கெடுக்காதா என்பது எல்லாரும் கேட்பது. 20 லிட்டர் பியரில் கலப்பது சில மில்லிலிட்டர் கரைசல்; அதில் அமிலம் துளியிலும் துளி. கோலா பானங்களுக்குப் புளிப்புத் தருவதும் இதே பாஸ்பாரிக் அமிலம்தான். அளவைக் கூட்டினால் இந்த நியாயம் செல்லாது, ஆகவே புட்டியில் அச்சிட்ட அளவைத் தாண்டாதீர்கள். தெளிப்பான் புட்டி ஒன்றில் நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மூடி, கத்தரிக்கோல், கை எல்லாவற்றுக்கும் உதவும். இன்னொரு நல்ல வகை அயோடோஃபோர்: பத்து லட்சத்துக்கு 12.5 பங்கு அயோடின், இரண்டு நிமிடம், வடித்துவிட்டால் போதும். பழுப்பு நிறம் இருக்கும்வரை வீரியம் இருக்கிறது. வெளுத்துவிட்டால் கொட்டிவிட வேண்டும். பிளாஸ்டிக்கில் கறை விடும், பியருக்கு அதனால் கேடில்லை.

விலை மலிவு என்பதால் ப்ளீச்சைத் தேடுகிறவர்கள் உண்டு. அது கிருமியைக் கொல்லும் என்பதில் ஐயமில்லை: மணம் சேர்க்காத வீட்டு ப்ளீச்சை லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் கலந்து 20 நிமிடம் ஊறவைத்தால் வேலை முடியும். சிக்கல் அதற்கு அப்புறம். எச்சம் நின்றால் அதன் குளோரின், மால்ட்டிலிருக்கும் ஃபீனால்களோடு சேர்ந்து மருத்துவமனை வாடையைத் தரும், ஆகவே அலச வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள கிருமிகளைத் திரும்பச் சேர்க்கிறோம். கொதித்து ஆறிய தண்ணீரைக் குடம் குடமாகத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. எவர்சில்வரையும் அது அரித்துக் குழியாக்கும். மிச்சப்பட்ட காசு அடுப்பு எரிவாயுவில் போய்விடும். கட்டாயம் ப்ளீச்தான் என்றால் ஒன்றை மறக்க வேண்டாம்: வினிகரோடோ வேறு அமிலத்தோடோ அம்மோனியா கலந்த திரவத்தோடோ அதைச் சேர்த்தால் எழும் வாயு நுரையீரலைத் தாக்கும். மேலே சொன்ன அமிலக் கிருமிநீக்கியும் ப்ளீச்சும் ஒரே வாளியில் சந்திக்கவே கூடாது.

மருந்தே வேண்டாம், சூடு போதும் என்பவர்களுக்குப் பாதி வெற்றி. உலோகக் கரண்டி, புட்டி மூடி, சிலிக்கோன் குழாய் ஆகியவற்றைப் பத்து நிமிடம் கொதிக்கவைக்கலாம். சிறு சாமான்களுக்கு வீட்டுப் பிரஷர் குக்கரே அருமையான கருவி. 121 டிகிரியில் 15 நிமிடம் என்பது ஆய்வகங்களின் அளவு, நல்ல குக்கர் அதை ஏறத்தாழ எட்டிவிடும். கண்ணாடிப் புட்டிகளை வாயில் அலுமினியத் தாள் சுற்றி, குளிர்ந்த ஓவனில் வைத்து மெல்ல ஏற்றி, 170 டிகிரியில் ஒரு மணி நேரம் விட்டு, உள்ளேயே ஆறவிடலாம். ஆனால் 25 லிட்டர் பிளாஸ்டிக் கலனுக்குக் கொதிநீர் ஒத்துவராது, அது நெளிந்துவிடும். அங்கே மருந்துதான்.

இனி தண்ணீர்; எந்த ஊர்த் தண்ணீர் என்பதைச் சட்டமே முடிவு செய்கிறது. தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பதை 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடை செய்கிறது. பிரிட்டனில் 1963 முதல் சொந்தக் குடிப்புக்குக் காய்ச்ச உரிமம் வேண்டியதில்லை, அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. ஆகவே இங்கே பேசும் தண்ணீர், அவைபோலச் சட்டம் இடம்கொடுக்கும் ஊர்களின் நகராட்சித் தண்ணீர். அது குடிக்க நல்லது. அதனாலேயே அதில் குளோரினோ குளோரமினோ இருக்கிறது. நம்மைக் காக்கும் அந்தப் பொருளே பியருக்குப் பகை, ப்ளீச் எச்சம் தரும் அதே மருந்து வாடையைத் தரும். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். வெறும் குளோரின் என்றால் கொதியில் பறந்துவிடும், திறந்த பாத்திரத்தில் இரவு முழுவதும் வைத்தாலும் பெரும்பகுதி போய்விடும். டொரன்டோ போன்ற நகரங்கள் பயன்படுத்தும் குளோரமின் அப்படிப் போவதில்லை. நீண்ட தூரக் குழாயிலும் நிலைத்து நிற்கட்டும் என்றே அதைச் சேர்க்கிறார்கள். அதற்கு மருந்து கேம்ப்டன் மாத்திரை, அதாவது மெட்டாபைசல்ஃபைட். ஒரு மாத்திரை 75 லிட்டருக்குக் காணும். 25 லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கைப் பொடித்துக் கலக்கிச் சில நிமிடம் விட்டால் குளோரின், குளோரமின் இரண்டும் போய்விடும். சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாதவர்கள் கரிவடிகட்டி வழியாக மெதுவாக வடிக்கலாம். வெந்நீர்த் தொட்டிக் குழாயிலிருந்து மட்டும் எடுக்க வேண்டாம்; தொட்டியின் வண்டலும் உலோகமும் கூடவே வரும்.

குழாய்த் தண்ணீர் கிருமியே இல்லாதது என்று நினைத்துக்கொள்வதால் பியர் கெடுவது ஒரே வழியில்தான். மால்ட் சாரத்தில் காய்ச்சுகிறவர்கள் சிறிய அண்டாவில் 10 லிட்டர் மட்டும் கொதிக்கவைத்து, கலனில் மீதிப் பத்து லிட்டரைப் பச்சைத் தண்ணீராகச் சேர்க்கிறார்கள். பல நேரம் ஒன்றும் ஆகாது. நகராட்சிக் குழாய் நன்றாக இருக்கிறது என்பதே காரணம். ஆனால் அந்தப் பத்து லிட்டர் கொதியைப் பார்க்காத தண்ணீர், கணக்கில் பாதி. முந்தின நாளே கொதிக்கவைத்து, மூடிபோட்டு ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் கிருமியும் குறையும், மறுநாள் சூடான வோர்ட்டை அதுவே சட்டென்று குளிர்விக்கும். கிணற்றுத் தண்ணீருக்கு இது விருப்பமல்ல, கட்டாயம். உறைபெட்டிப் பனிக்கட்டியை நேராக வோர்ட்டில் போடுவது கூடாது. குளிர் கிருமியைக் கொல்வதில்லை, தூங்கவைக்கிறது. ஈஸ்ட் நனைக்கும் தண்ணீரும் கொதித்து ஆறியதாகவே இருக்கட்டும்.

காய்ச்சும் நாளன்று பலரும் கவனிக்காத எதிரி மால்ட் தூசி. தானியத்தின் தோலில் லாக்டோபேசில்லஸ் நிறைய இருக்கிறது. புளிப்பு பியர் காய்ச்சுகிறவர்கள் வேண்டுமென்றே ஒரு பிடி மால்ட்டைப் போட்டுத்தான் புளிப்பேற்றுவார்கள். ஆகவே மால்ட் அரைக்கும் இடமும் வோர்ட் ஆறும் இடமும் ஒரே அறையாக இருக்க வேண்டாம். ஆறும் வோர்ட்டின் மேல் மூடி, பக்கத்தில் ஓடாத மின்விசிறி, ஏர்லாக்கில் தண்ணீருக்குப் பதில் கிருமிநீக்கிக் கரைசல் அல்லது ஓட்கா. கலன் குளிரும்போது ஏர்லாக் திரவம் உள்ளே இழுக்கப்படலாம், அப்போது உள்ளே போவது சுத்தமானதாக இருக்கட்டும்.

புட்டியில் அடைக்கும் நாளில் ஆல்கஹால் வந்துவிட்டதே, இனி என்ன என்று தளர்ந்துவிடக் கூடாது. ஐந்து சதவீத ஆல்கஹால் கிருமியைக் கொல்லாது. கைக்குத் தடவும் திரவத்தில் 70 சதவீதம் அளவில் இருப்பதால்தான் அது கொல்கிறது. குடித்த புட்டியை உடனே மூன்று முறை அலசிக் கவிழ்த்து வைத்தவருக்கு அடைக்கும் நாளில் கிருமிநீக்கி மட்டும் போதும். வாங்கிய பழைய புட்டிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து அடியைப் பாருங்கள்; படலம் தெரிந்தால் ஊறவையுங்கள், ஊறியும் போகாவிட்டால் எறிந்துவிடுங்கள். அடைத்த புட்டிகளில் ஒன்றிரண்டு மட்டும் பொங்கினால் குற்றம் அந்தப் புட்டிகளுடையது. எல்லாமே பொங்கினால் முதலில் இரண்டு காரணங்களைப் பாருங்கள்: நொதித்து முடியும் முன்பே அடைத்திருக்கிறீர்கள் அல்லது சர்க்கரை அளவு தப்பியிருக்கிறது, அவை இரண்டும் சரியென்றால் கலனிலோ குழாயிலோ கிருமி குடியிருக்கிறது. அப்போது தடித்த துணி போர்த்தி மூடிகளைத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு, சைஃபன் குழாய், குழாய்வாய், வாஷர், ஏர்லாக் ரப்பர் ஆகிய மலிவான பிளாஸ்டிக் சாமான்களை மொத்தமாக மாற்றிவிடுங்கள். கீறலில்லாத கலனைப் பெர்கார்பனேட்டில் ஓர் இரவு ஊறவைத்து, அலசி, அமிலக் கிருமிநீக்கியால் முழுக்க நனைத்து, அடுத்த முறைக்கு ஒரு பொட்டலத்துக்கு இரண்டாக ஈஸ்ட் போடுங்கள்.